பத்து நிமிஷப் பெட்டி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வலது கையைக் கம்ப்யூட்டர் மேசைமேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இடது கையை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம்.

என் மனைவி தட்டச்சர். ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனால் விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தூக்கத்தில் என் முதுகில் கடிதம் அடிப்பாள். ஒருநாள் காலையில் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். 'தங்கள் உண்மையுள்ள' என்பது வரை தெளிவாகப் பதிந்திருந்தது.

அவளோடு அதே அலுவலகத்தில், எதிர் மேசையில், இன்னொரு தட்டச்சர் இருந்தாள். அலுவலகம் முழுக்க அவளை 'மெயில் வண்டி' என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு வேகம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டி. எப்போதும் ஒரு வரி, இரண்டு வரி வித்தியாசத்தில் மெயில் வண்டிதான் முந்தும். இரண்டு பேரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மாலை போட்டார்கள். மெயில் வண்டி அதைக்கூட முதலில் கழற்றினாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஓய்வுபெற்ற தட்டச்சர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் போட்டி வைக்கிறார்கள். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, திரையில் வருவதை ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். யார் அதிகம் அடித்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் எண்ணிக்கை ஓடும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு நிமிஷம் பொறுப்பார்கள். அதற்குள் வராவிட்டால் வெளியே.

போன வருடம் என் மனைவி முதன்முதலாக மெயில் வண்டியை முந்திக்கொண்டிருந்தாள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கரண்டு போய்விட்டது. திரை கறுத்துப்போனது. அவள் நிறுத்தவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடியே மிச்சத்தையும் அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அன்று மாலை தொலைபேசி வந்தது. மெயில் வண்டி இருப்பது எங்கள் தெருக்கோடி மஞ்சள் வீட்டில். நடந்தே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னால்தான் அவளுக்கு ருசி.

"உன் வீட்டு கரண்டு மாதிரிதான்டி நீயும். நல்லா ஓடிக்கிட்டே இருப்பே, கடைசியில நின்னுடுவே."

"உன் வீட்டுலயும்தானே கரண்டு போச்சு?"

"போச்சு. ஆனா என்கிட்ட யூ.பி.எஸ். இருக்கே!"

என் மனைவி ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மின்வாரியத்துக்குத் தலைவரே நான்தான் என்பது மாதிரி அந்தப் பார்வை.

ஆக, இந்த வருடம் போட்டிக்கு முதல் நாள், யூ.பி.எஸ். வாங்கக் கிளம்பினேன். துணைக்கு மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. குடும்பத்தில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டான். அந்த ரேடியோ இன்றுவரை பிரித்துப் போட்டபடியே இருக்கிறது. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்க்கச் சின்னதாக இருந்தது. தூக்கினால் தோள்பட்டை கழன்றது. உள்ளே பேட்டரி இருக்கிறது, அதுதான் கனம் என்றார் கடைக்காரர். கரண்டு இருக்கும்போது பேட்டரி நிரம்பும், கரண்டு போனால் பேட்டரி கொடுக்கும், பேட்டரி இல்லாவிட்டால் இது வெறும் பிளக் மாட்டுகிற டப்பா என்று எனக்கே புரிகிற மாதிரி சொன்னார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன்.

"பத்து நிமிஷம் சார். கரண்டு போனதும் எல்லாத்தையும் சேமிச்சுட்டு ஒழுங்கா அணைக்கறதுக்குத்தான் இது. அப்புறம் சார், வீட்டுக்குப் போனதும் முதல்ல பின்னாடி மூடியைத் திறந்து..."

"தெரியும் தம்பி," என்றான் மச்சான்.

"இல்ல சார், அந்தச் சிவப்பு வ..."

"தம்பி, நான் ரேடியோவையே பிரிச்சவன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தான். வீடு போய்ச் சேர்ந்தோம்.

இணைப்பு வேலை மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது. போட்டி மூன்று மணிக்கு. பெட்டியின் முதுகில் நாலு பிளக் ஓட்டைகள். கம்ப்யூட்டருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, இணையப் பெட்டிக்கு ஒன்று. மச்சான் மேசைக்கடியில் தலையை விட்டு, கால்களை மட்டும் வெளியே நீட்டியபடி வேலை பார்த்தான். நான் டார்ச் பிடித்தேன். யாராவது ஒருவர் பிடித்தால்தான் அது விஞ்ஞானம்.

"ஆச்சு அக்கா!" என்று மச்சான் வெளியே வந்தான், தலையெல்லாம் ஒட்டடை. "சுவிட்சைப் போடு!"

அவள் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவளே குனிந்து பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் பெருமையோடு காத்திருந்தோம்.

"ஏன்டா, இந்தப் பெட்டியோட வயரு எங்கே போகுது?"

"எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு."

"எக்ஸ்டென்ஷன் போர்டோட வயரு?"

"பெட்டிக்கு."

"அப்போ வெளியிலேருந்து கரண்டு எது வழியாடா உள்ளே வரும்?"

மச்சான் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டினான். "அக்கா, இதுல ஒரு நன்மை இருக்கு. உள்ளே இருக்கற கரண்டு வெளியே போகவும் முடியாது."

"அத்தான்கூடச் சேர்ந்து சேர்ந்து இப்படி ஆயிட்டே," என்றாள். நான் டார்ச்சை அணைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

வயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. பெட்டி மட்டும் அடிக்கடி 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டிருந்தது.

"அது ஏன்டா கத்துது?"

"புது இடம் இல்லையா? பழகிடும்."

"மெயின் சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் பார்த்துடலாமா?" என்று நான் எழுந்தேன்.

மச்சான் குறுக்கே விழுந்தான். "ஐயோ அத்தான்! காலையிலேருந்து வயித்தைக் காயப் போட்டவனுக்கு முன்னாடி இலையைப் போட்டுட்டு உடனே எடுப்பீங்களா? பேட்டரி இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு!"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலாவது ஓட்டை காலியாக இருந்தது. காலியான ஓட்டையைப் பார்த்தால் மச்சானுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு மேசை ஃபேனைக் கொண்டுவந்து மாட்டினான். "அக்காவுக்கு வியர்க்கும்."

"ஃபேன் வேண்டாம், பேட்டரியைத் தின்னுடும்," என்று அவள் அதை அணைத்தாள். ஆனால் பிளக்கை எடுக்கவில்லை. ஃபேன் அவள் விரல்களுக்கு நேர் எதிரே சும்மா நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி அடித்தது. போட்டி ஆரம்பமானது.

என் மனைவி அடிப்பதை நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. முழங்கை தெரியும், மணிக்கட்டு தெரியும், அதற்கு அப்பால் ஒரு புகைமூட்டம். மேசையில் வைத்த டம்ளர் தானாக நடந்து விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று அவளுடையது, மற்றது மெயில் வண்டியுடையது. ஒன்றை ஒன்று தோளால் இடித்துக்கொண்டு ஓடுகிற இரண்டு பிள்ளைகள் மாதிரி.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கூடத்து ஃபேன் மெதுவானது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தம் நின்றது. எதிரே முடிவெட்டும் கடையில் யாரோ "அட, பாதியில விட்டுட்டியே!" என்று அலறினார்.

கரண்டு போய்விட்டது.

பெட்டி 'கீ' என்றது. திரை எரிந்துகொண்டே இருந்தது! மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான். "பார்த்தீங்களா அத்தான்! பார்த்தீங்களா!"

"பத்து நிமிஷம்தான்டா!" என்றேன் நான்.

அவன் பிடி தளர்ந்தது. போட்டி முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. பத்து நிமிஷத்தை வைத்து முக்கால் மணி நேரத்தைக் கடக்க வேண்டும். இந்தக் கணக்கை நாங்கள் இருவரும் வாங்கும்போதே போட்டிருக்கலாம்.

"ஏங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "பெட்டி நின்னுதுன்னா நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுலேருந்து எங்கே போறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க."

பெட்டியின் நெற்றியில் நாலு விளக்குகள். ஒன்று அணைந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. 'கீ' சத்தம் நெருக்கமானது. மூன்றாவதும் அணைந்தது. மச்சான் பெட்டியைத் தடவிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா, கொஞ்சம் பொறுத்துக்கடா," என்று கெஞ்சினான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. சுருதி பிசகின நாதஸ்வரம் மாதிரி பெட்டி ஒரே மூச்சாக ஊதியது.

அப்போதுதான் நான் ஃபேனைப் பார்த்தேன்.

சுற்றிக்கொண்டிருந்தது.

"யாருடா ஃபேனைப் போட்டது?"

"யாரும் போடல அத்தான்!"

அவள் விரல் காற்றில் அது தானாகச் சுற்றியது. முதலில் சோம்பலாக, பிறகு இறக்கைகள் தெரியாத வேகத்தில். பெட்டியின் ஊதல் சட்டென்று நின்றது. அணைந்த விளக்குகள் ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தன. இரண்டு. மூன்று. நாலு!

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அத்தான்! கரண்டு குடுத்தா ஃபேன் சுத்தும். ஃபேனைச் சுத்தினா கரண்டு வரும்! அதே வயருதான், வழிதான் மாறுது! அக்கா அடிக்க அடிக்க பேட்டரி ரொம்புது!"

அறுபது வயதில் ஒரு மனிதன் குதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குதித்தேன்.

நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? நாலு விளக்கும் எரிந்த பிறகும் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். கூடத்து விளக்கு எரிந்தது. கூடத்து ஃபேன் சுற்றியது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகியது. பிறகு பக்கத்து வீட்டில் தையல் மெஷின் கடகடத்தது. தையற்காரர் காலை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த பேன்ட்டுக்கு மூன்று கால் வந்துவிட்டது. எதிர்க்கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவருக்கு மீதிப் பாதியும் ஒரே இழுப்பில் போனது. மாடி வீடுகளின் லிஃப்ட்டில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டியிருந்த கனத்த மனிதர் மூன்றாம் மாடியைத் தாண்டி, நாலாம் மாடியைத் தாண்டி, மொட்டை மாடியில் இறங்கினார். அங்கே வரை லிஃப்ட் போகாது. அன்று போயிற்று.

அவள் ஒரு காற்புள்ளி வைத்தால் பக்கத்து வீட்டு விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின. முற்றுப்புள்ளி வைத்தால் லிஃப்ட் நின்று யோசித்துவிட்டுக் கிளம்பியது. புதுப் பத்தி வந்து கரண்டு ஒரு மூச்சு நின்றபோது, ஐஸ்கிரீம் உருகிவிடுமோ என்று கடைக்காரர் தலையில் கைவைத்தபடி வாசலுக்கே ஓடி வந்துவிட்டார்.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். லைன்மேன். கையில் இடுக்கி, முகமெல்லாம் வியர்வை.

"சார், ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஃப்யூஸ் போயிருக்கு. தெருவுல ஒரு வீட்டுலயும் கரண்டு இருக்கக்கூடாது. ஆனா வீடு வீடா வந்துக்கிட்டே இருக்கு. வயரைத் தொடர்ந்து வந்தா உங்க வீடு. உங்க மீட்டர் பின்னாடி ஓடுது சார்!"

"ஓடட்டுமே, பாவம்."

"அப்படிச் சொல்லாதீங்க சார். நாங்கதான் உங்களுக்குக் கரண்டு அனுப்பணும், நீங்க எங்களுக்கு அனுப்பக்கூடாது. எதை வெச்சு ஓட்டறீங்க? ஜெனரேட்டரா?"

"என் சம்சாரம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். புகைமூட்டத்தைப் பார்த்தார். திரையில் ஓடுகிற இரண்டு எண்களையும் பார்த்தார். இடுக்கியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "யாரு முன்னாடி இருக்காங்க?" என்றார்.

அந்த நொடியில்தான் ஓர் எண் நின்றது. மெயில் வண்டியுடையது! அவள் பெட்டியும் பத்து நிமிஷப் பெட்டிதானே, ஒருவழியாகத் தீர்ந்துபோயிருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் 'இணைப்பைத் தேடுகிறது' என்று வந்தது. ஒரு நிமிஷம் தேடும். பிறகு வெளியே. மச்சான் விசிலடித்தான்.

விசில் முடியவில்லை, எண் மறுபடி ஓடத் தொடங்கியது.

"எப்படிடா?" என்றேன்.

லைன்மேன்தான் சொன்னார். "சார், தெருக்கோடி மஞ்சள் வீடும் இதே லைன்தான். உங்க வீட்டுலேருந்து போற கரண்டு இப்போ அங்கே போய்ச் சேர்ந்திருக்கு."

ஆக, என் மனைவியின் விரல்கள் இரண்டு கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது அவளைத் தோற்கடிக்க முயல்வது. இவள் வேகமாக அடித்தால் மெயில் வண்டி வீட்டு விளக்கு பிரகாசமாகும். இவள் தளர்ந்தால் இரண்டு பேரும் இருட்டில்.

மெயில் வண்டி முந்தினாள். பத்து சொல். பதினைந்து சொல். கடைசிப் பத்தி வந்துவிட்டது.

மச்சான் பூனை நடை போட்டு மெயின் சுவிட்ச் பக்கம் போனான். "அத்தான், வெளியே போற லைனை மட்டும் அறுத்துடறேன். அந்தம்மா அப்படியே அம்போ. ஒரு நிமிஷ வேலை."

"சுவிட்சுல கையை வெச்சே, அந்தக் கையோட நீ இங்கேருந்து போக மாட்டே," என்றது புகைமூட்டம். அவள் திரும்பவில்லை. முதுகில் கண் இருக்கிறதா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம், அன்று தீர்ந்தது.

"அக்கா, அவங்க ஜெயிச்சுடுவாங்கக்கா!"

"இருட்டுல உட்கார வெச்சு ஜெயிக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்? நல்ல வெளிச்சத்துல உட்கார்ந்து தோக்கட்டும் அவ. போய் தண்ணி கொண்டா, விரல் சுடுது."

மச்சான் ஓடினான். தண்ணீரை விசைப்பலகை மேல் இல்லாமல் விரல்மேல் மட்டும் தெளிக்க வேண்டும், தெளித்தான். ஆவி எழும்பியது. லைன்மேன் திரைக்கு அருகே முட்டிபோட்டு எண்களை உரக்கப் படித்தார். "பதினாலு! பன்னெண்டு! அம்மா, அடிங்கம்மா! ஒன்பது!" வாசலில் தையற்காரர் மூன்று கால் பேன்ட்டோடு வந்து நின்றார். முடிவெட்டிக்கொண்டவர் துணியைக் கழுத்திலிருந்து அவிழ்க்காமலே வந்தார். லிஃப்ட்டில் மாட்டியிருந்தவர் மொட்டை மாடியிலிருந்து படியிறங்கி மூச்சிரைக்க வந்து, "யாரு ஜெயிக்கறா?" என்றார். தெருவே எங்கள் கூடத்தில் நின்று கத்தியது. விளக்குகள் கண்ணைப் பறித்தன. ஃபேன் மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றபடி சுற்றியது.

"நாலு! ரெண்டு! சமம்! அம்மா, சமம்!"

கடைசி வரி. இரண்டு பேரும் ஒரே சொல்லில். ஒரே எழுத்தில். மெயில் வண்டி கடைசி எழுத்தை அடித்தாள். என் மனைவி கடைசி எழுத்தை அடித்து, முற்றுப்புள்ளியும் வைத்தாள்.

மணி அடித்தது. ஒரு முற்றுப்புள்ளி வித்தியாசம்!

லைன்மேன் என்னைத் தூக்கிச் சுற்றினார். மச்சான் அழுதான். அவள் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நின்றதும் தெரு இருட்டியிருக்க வேண்டும். அதே நொடியில் லைன்மேனின் உதவியாள் ஃப்யூஸைப் போட்டு வாரியத்துக் கரண்டு வந்துவிட்டது. அதனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. இதற்குச் சாட்சி கிடைப்பது கொஞ்சம் சிரமமாக இருப்பது அதனால்தான். தையற்காரர் மூன்றாவது காலைப் பிரித்துவிட்டார். முடிவெட்டிக்கொண்டவருக்கு முடி வளர்ந்துவிட்டது. லைன்மேனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

அடுத்த வாரம் மெயில் வண்டியே நேரில் வந்தாள். தொலைபேசியில் இல்லை, நடந்து. உள்ளே வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் மேசைக்கடியில் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்," என்றாள் என் மனைவி.

"என்னுது பத்து நிமிஷத்துல செத்துப்போச்சுடி. உன்னுது மட்டும் எப்படி முக்கால் மணி நேரம் ஓடும்? உள்ளே என்ன வெச்சிருக்கே?"

"உனக்கும் சேர்த்து நான்தான்டி கரண்டு குடுத்தேன்."

"ஆமா, குடுத்தே. மூடியைத் திற, பார்க்கறேன்."

பெட்டி 'கீ' என்றது. மச்சான் திருப்புளி எடுத்து வந்தான், நான் டார்ச் பிடித்தேன், என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூடி கழன்றது.

பேட்டரியில் மாட்ட வேண்டிய சிவப்பு வயர், கம்பெனியில் ஒட்டிய மஞ்சள் டேப் பிரிக்காமல், எதிலும் மாட்டாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.